தோட்டம் என்னும் சொல்: ‘என்ஜாய் எஞ்சாமி’ பற்றிய ஒரு நோக்கு

பொப்பிசைப் பாடலைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. நாட்டார் பாடல்கள் பற்றி ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. திரையிசை பற்றியும் இடைக்கிடை பேசப்படுகின்றது. ஆனால் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பாடல்கள் ஒரு தலைமுறையின் நாவிலே நிலைத்திருந்த காலத்திற்கூட, அவற்றைத் துள்ளிசை என ஒதுக்கிவிட்டு அப்பாற் செல்வதே விமரிசகர் பலரது போக்காக இருந்தது. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடலுக்குரிய சாதனமாக நோக்கிப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் தனிநூலொன்றையே எழுதினார். மக்கள் எதனை விரும்பிக் கேட்கின்றனர், அவ்விருப்பத்தின் சமூக அடிப்படை யாது என்ற வினாக்கள் அத்தகைய முயற்சியின் பின்னே நிற்கின்றன. அவ்வினாக்களைப் பொப்பிசையிடம் கேட்கக்கூடாது என்பதற்கு நியாயம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் திகதி யூரியூப் தளத்தில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடலையும் அதன் காணொளியையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. எந்தத் திரைப்படத்திலும் இடம்பெறாத தனிப்பாடல் இது. தமிழிற் பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்றாகிவிட்ட சூழலில், நாயகனோ கதையோ இன்றி ஒரு பாடல் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தமை தனியே மனங்கொள்ளத்தக்கது. பாடியவர் இருவர். ஒருவர் இலங்கைத் தமிழ் வழிவந்தவரும் அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவருமான தீ. மற்றவர் தமிழ்நாட்டின் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. பாடல் வரிகள் அறிவினுடையவை. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பாளர். காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். ஏ. ஆர். ரஹ்மானின் ஆதரவுடன் தொடங்கப்பெற்ற மாஜா என்னும் இசை நிறுவனம் அதனை வெளியிட்டது.

இப்பாடலுக்குப் பின்னால் ஒரு மூதாட்டி இருக்கிறார். அறிவின் பாட்டியான வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பியவர் என்பதையும், அவரது வாழ்விலிருந்தே பாடல் பிறந்தது என்பதையும் அறிவு பலமுறை எடுத்துரைத்துள்ளார். காணொளியிலும் அம்மூதாட்டி தோன்றுகிறார். ஆகவே இலங்கை வாசகருக்கு இது அயல்நாட்டுப் பாடலொன்றன்று. நமது மலைகளிலிருந்து கப்பலேறிச் சென்ற ஒரு நினைவு, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின் வேறொரு கோலத்தில் நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது எனலாம். கலைவிழா மேடைகளில் இப்பாடலுக்கு உற்சாகமாக ஆடிய நம்மவருள் எத்தனைபேர் அதனை இவ்வாறு கேட்டனர் என்பது வேறு விடயம்.

அந்த நினைவின் வரலாற்றுப் பின்னணி இங்கு விரிவாகக் கூறப்படவேண்டியதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து கோப்பிக்காகவும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைக்காகவும், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைப் பற்றிய இவ்வொப்பந்தங்களை வாசிக்கும்போது, மனிதரன்றி வேறேதோ பண்டம் பங்கிடப்படுவதான உணர்வே எழுகின்றது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவர்கள் மண்டபம் முகாமைக் கடந்து, தாம் ஒருபோதும் கண்டிராத ‘தாய்நாட்டில்’ புதிதாகக் குடியேறினர். இங்கே ‘இந்தியாக்காரர்’, அங்கே ‘சிலோன்காரர்’.

இவ்வளவு வரலாறும் பாடலில் எங்கேயுள்ளது? வரிகளில் இலங்கை என்ற பெயர் இல்லை. தேயிலை என்ற சொல்லும் இல்லை. கங்காணியோ துரையோ லயனோ கொழுந்தோ எங்கும் வரவில்லை. இருப்பது ஒரே ஒரு சொல்: தோட்டம். மரங்களை வளர்த்துத் தோட்டமொன்றை உருவாக்கிய ஒருவர், அத்தோட்டம் தழைத்தபோதும் தமது தாகம் தீரவில்லை என்று சொல்லி ஏங்கும் இடமே பாடலின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். ஆட்டத்துக்குரிய தாளத்தினூடே ஒப்பாரியின் சாயல் மேலெழுந்து வருவதும் அவ்விடத்திலேயே.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து கேட்பவருக்குத் தோட்டம் என்பது வீட்டுக்குப் பின்னால் உள்ள பூந்தோட்டம், அல்லது கிணற்றுப் பாய்ச்சலுள்ள புன்செய் நிலம். தாம் வைத்த மரத்தின் பயனைத் தாம் துய்க்க முடியாத ஒரு வறியவரின் சோகமாக அவர் அதனை உணர்வார். ஹற்றனிலோ பதுளையிலோ இருந்து கேட்பவருக்கு அச்சொல் வேறு. அங்கே தோட்டம் என்பது ஒரு முழு உலகம். அதற்கு எல்லையுண்டு, பெயருண்டு, துரையுண்டு, பெரட்டுக்களமுண்டு. ஒருவர் எந்த ஊரவர் என்று கேட்பதில்லை. எந்தத் தோட்டம் என்றே கேட்பர். அச்சொல்லிலிருந்தே ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிவழைப்பும் பிறந்தது. அதனை உருவாக்கியவர்கள் யாழ்ப்பாணத்தவரும் கொழும்பு வாழ் தமிழரும் உள்ளிட்ட நாம்தாம் என்பதையும் ஈண்டுச் சொல்லிவைப்பது தகும். மலையகத்துச் செவியில் அவ்வரிகள் விழும்போது, மரம் உருவகமாக நிற்பதில்லை. காடழித்துக் கன்று நட்டவர்களின் கைகளும், அத்தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு சாண் நிலமும் உரிமையில்லை என்ற உண்மையும் நேராகவே கண்முன் வருகின்றன.

ஒரே சொல் இருவேறு நிலங்களில் இருவேறு பொருள் தருவது மொழியின் இயல்பு. ஆனால் இங்கு அவ்விரு பொருள்களும் இரு நாட்டிலும் வாழ நேர்ந்த ஒரே மூதாட்டியின் வாயிற் கலந்திருந்திருக்க வேண்டும். அக்கலப்பே பாடலுக்கு வலிமை தருகிறது. அறிவு ‘தேயிலை’ என்ற சொல்லை இட்டிருந்தால் அது ஓர் ஆவணமாகியிருக்கும். இடாமையினால் அது பாட்டாயிற்று என்று வாதிடுவோர் இருக்கலாம். அவ்வாதத்தை ஓரளவுக்கு ஏற்கிறேன். எனினும் பெயரிடாமைக்கு ஒரு விலையும் உண்டு. காணொளியைப் பார்க்கும்போதே அது புலப்படுகின்றது.

காணொளி கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. பளிச்சிடும் வண்ண ஆடைகள், பெரிய ஆபரணங்கள், பசுமையும் வெட்டவெளியுமாக மாறிமாறி வரும் நிலக்காட்சிகள், அவற்றின் நடுவே கூட்டமாக ஆடும் மனிதர்கள். முதியோரும் இளையோரும் ஒரே குடியினராக நிற்கின்றனர். ஒடுக்கப்பட்டோரைத் திரையிற் காட்டும்போது கந்தலும் கண்ணீரும் கொண்டு காட்டுவதே நாம் பழகிய முறை. அம்முறையை இக்காணொளி முற்றாக நிராகரிக்கிறது. கறுத்த உடல்கள் இங்கு அழகின் இலக்கணமாக நிறுத்தப்பட்டுள்ளன. வள்ளியம்மாள் கூலிக்காரியாக அன்றிக் குலத்தலைவியாகத் தோன்றுகிறார். இது சிறு செயலன்று. தமிழ்த் திரையில் வெண்ணிறத்துக்கு வழங்கப்பட்டுவரும் முதன்மையை அறிந்தவர்கள் இதன் பெறுமதியையும் அறிவர்.

ஆயின் அக்குடி எந்தக் காலத்தைச் சேர்ந்தது, எந்த இடத்தைச் சேர்ந்தது? காணொளி அதற்கு விடை தருவதில்லை, தர விரும்பவுமில்லை. அது வரலாற்றுக்கு முந்திய ஒரு காலம், எங்கும் இருக்கக்கூடிய ஒரு நிலம். தேயிலைச் செடியொன்றையோ கொழுந்துக் கூடையையோ லயன் அறையையோ நாம் அங்கு காண்பதில்லை. பாடலில் இருவகையாகக் கேட்கக்கூடியதாயிருந்த ‘தோட்டம்’, காட்சியாகும்போது ஒருவகையாக, ஆதிவனமாக மட்டுமே ஆகிவிடுகின்றது. காட்சி தெளிவானது என்பர். இங்கு காட்சியே சொல்லின் ஒரு பாதியை மறைத்துவிட்டது. பாடலைக் காதால் மட்டும் கேட்பவர் பெறுவதைவிடப் பார்ப்பவர் குறைவாகப் பெறுகின்ற விசித்திரம் இது.

இதனை வெறும் கலைத்தெரிவு என்று விட்டுவிட முடியாது. நிலத்தின்மீது உரிமை கோருவதற்கு இப்பாடலில் இரு நியாயங்கள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது முன்மை: இம்மண்ணை நமக்குத் தந்தவர் பூர்வகுடியினர், நாம் அவர்தம் வழியினர் என்பது. இரண்டாவது உழைப்பு: வளர்த்தவர் நாமே, ஆயினும் பயன் நமதன்று என்பது. கேட்கும்போது இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. உண்மையில் அவை ஒன்றல்ல.

முன்மையின் நியாயம் தமிழகத்துத் தலித் அரசியலில் ஆழமான வரலாறு கொண்டது. அயோத்திதாசப் பண்டிதர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒடுக்கப்பட்டோரைப் பூர்வ பௌத்தராகவும் இம்மண்ணின் ஆதித் தமிழராகவும் நிறுவ முயன்றார். பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவான ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் வழியே அறியப்பட்ட அறிவுக்கு அம்மரபு அந்நியமானதன்று. ஆதலின் பாடலில் வரும் ஆதிக்குடி பற்றிய பேச்சை வெறும் பழம்பெருமை என்று தள்ளிவிடுவது பிழையாகும். ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர்கள், ஊரே தங்களுடையதாயிருந்தது என்று கூறும் குரல் அது.

அதே குரல் பாக்குநீரிணையைக் கடந்து இங்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. மலையக மக்களுக்கு எதிராக எப்போதும் எடுத்தாளப்பட்ட ஆயுதமே முன்மை வாதந்தான். நீங்கள் பின்னர் வந்தவர்கள், ஆகவே உரிமையற்றவர்கள் என்றே 1948இன் சட்டம் கூறிற்று. பூர்வகுடி என்ற சொல்லை அவர்கள் தமக்காக இங்கு எடுத்தாள முடியாது. அவர்கள் கையில் எஞ்சியிருப்பது உழைப்பின் நியாயம் ஒன்றே: இக்காடுகளை அழித்தவர் நாம், இந்நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டியவர் நாம், இம்மண்ணுக்கு உரமானவரும் நாம் என்பது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபெற்ற நடைபயணமும், மூதாதையர் நடந்த வழியை மீண்டும் நடந்து காட்டியதன் மூலம் அந்நியாயத்தையே முன்வைத்தது. வந்த வழியை மறைக்காமல், வந்தோம், உழைத்தோம், ஆகவே உரியோம் என்று சொன்ன பயணம் அது.

வள்ளியம்மாளின் வாழ்வு இவ்விரு நியாயங்களும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிற்கின்றது. தமிழகத்தில் அவர் ஆதிக்குடி, இலங்கையில் வந்தேறி, திரும்பிச் சென்றபின் அகதியை ஒத்தவர். பாடலின் வரிகள் இரு நியாயங்களையும் ஏந்தி நிற்க, காணொளி முதலாவதை மட்டும் எடுத்துக் கண்கவர் ஓவியமாக்குகிறது. ஆதிக்குடியைக் காட்ட வனம் போதும். உழைப்பைக் காட்டுவதற்கு முதலாளியும் தேவை. அவ்வாறு ஒருவர் இக்காணொளியில் இல்லாமையாலேயே எல்லோராலும் எவ்வித மனக்குறையுமின்றி இதனைக் கண்டு மகிழ முடிந்தது. குற்றஞ்சாட்டப்படுபவர் எவரும் இல்லாத ஒரு முறைப்பாடு யாரைத்தான் புண்படுத்தும்?

இவ்விடத்தில் எழக்கூடிய மறுப்பொன்றைக் கவனிக்கவேண்டும். துயரத்தை ஆட்டமாக மாற்றியமை சந்தைக்கான சமரசம் என்று சிலர் கூறுவர். அதை நான் ஏற்கவில்லை. இழவு வீட்டில் ஒருபுறம் ஒப்பாரியும் மறுபுறம் பறையும் ஆட்டமும் நிகழ்வது தமிழ்க் கிராமங்களுக்குப் புதிதன்று. மலையகத்தில் தப்பு என்று வழங்கும் அதே கருவி, திருவிழாவிலும் ஒலிக்கிறது, சாவிலும் ஒலிக்கிறது. ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியதும் அதுவே. அழுகையும் ஆட்டமும் பிரியாத அப்பண்பாட்டிலிருந்து வந்த பாடலைப் பார்த்து, அழும்போது ஏன் ஆடுகிறாய் என்று கேட்பது நடுத்தர வர்க்கத்து இரசனையின் கேள்வியே அன்றி வேறில்லை. தலைப்பிலேயே அக்கலப்பு உள்ளது. ஆங்கிலத்து ‘என்ஜாய்’ கேளிக்கையின் சொல். ‘எஞ்சாமி’ என்பதோ ‘என் சாமி’ என்பதன் பேச்சுவடிவம். நிலமற்றவர் நிலமுடையவரை விளித்த சொல்லும் அதுவே, கிழவியொருத்தி பேரப்பிள்ளையை அணைத்துக் கொஞ்சும் சொல்லும் அதுவே. பணிவின் சொல் அன்பின் சொல்லாகத் திரும்பும்போது ஆண்டானுக்கு உரியதாயிருந்த இடத்தில் ஒரு குழந்தை வந்து அமர்ந்துவிடுகின்றது. இது அறிவின் சொற்றிறனுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இன்னொன்றும் உண்டு. சேவலின் எச்சத்திலிருந்து காடும் நாடும் வீடும் உருவான கதையொன்று பாடலில் வருகிறது. தேவர்களும் பாற்கடலும் இல்லாத ஒரு படைப்புக்கதை. எச்சம் என்ற சொல் பறவையின் கழிவையும் குறிக்கும், எஞ்சி நிற்பதையும் குறிக்கும்; வள்ளுவரிடத்தில் அது ஒருவர் விட்டுச்செல்லும் வழித்தோன்றலையும் புகழையும் குறிப்பதாக உரையாசிரியர்கள் கொள்வர். கழித்துவிடப்பட்டதே விதையாகி நாடாகிறது என்ற பொருளை ஒரு சொல்லில் அடக்குவது எளிதன்று. இத்தகைய இடங்களை விட்டுவிட்டுக் காணொளியின் ஆடையலங்காரத்தை மட்டும் வியந்து எழுதிய மதிப்புரைகள் நமக்குச் சலிப்பையே தருகின்றன. நீர்நிலைகள் விலங்குகளுக்கும் உரியவை என்ற கருத்தைச் சுற்றாடல் விழிப்புணர்வாக மட்டும் கண்டு பாராட்டியோரும் பலர். நீர்நிலையிலிருந்து விலங்குக்கும் முன்னதாகவே சில மனிதர் விலக்கப்பட்ட சமூகத்தில் அக்கருத்துக்குள்ள கூர்மையை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

பாடல் வெளியானபின் நிகழ்ந்தவற்றையும் இங்கு பேசவேண்டியுள்ளது. இவற்றைக் கலைஞரிடையே எழுந்த பிணக்கு என்று ஒதுக்குவோர் உளர். என் நோக்கில் இவை பாடலின் பொருளோடு நேரடித் தொடர்புடையவை. யூரியூப்பில் பாடலின் தலைப்பு அமைந்த முறையை முதலில் நோக்குக: தீயின் பெயர் முதலில், அறிவு உடன் தோன்றுபவர், சந்தோஷ் நாராயணன் தயாரித்தவர். பொப்பிசை வணிகத்தின் இலக்கணம் இது. ஒரு பெயர் எழுவாயாகும், மற்றவை அடைமொழிகளாகும். 2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்ரோன் இந்தியா’ சஞ்சிகை இப்பாடலையும் ‘நீயே ஒளி’ என்ற பாடலையும் முன்னிட்டு வெளியிட்ட அட்டைப்படத்தில், தீயும் ஈழத்தை மூலமாகக் கொண்ட கனடியக் கலைஞர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தனர். இரு பாடல்களிலும் சொற்பங்கு கொண்ட அறிவு இல்லை. பா. இரஞ்சித் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அச்சஞ்சிகை அறிவைத் தனியே ஓர் இணைய அட்டையில் வெளியிட்டது. 2022 யூலையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடக்குழி மாரியம்மாளும் இப்பாடலை மேடையேற்றியபோதும் அறிவு அங்கில்லை. அதன்பின்னர் அவர் இன்ஸ்ரகிராமில் எழுதிய குறிப்பில், பாடலை இயற்றியதும் மெட்டமைத்ததும் தாமே என்றும், கூட்டுழைப்பு என்பதனால் அது வள்ளியம்மாளினதும் நிலமற்ற தேயிலைத் தோட்டத்து மூதாதையரதும் வரலாறு அல்லாததாகிவிடாது என்றும் பொருள்பட வாதிட்டார். சந்தோஷ் நாராயணன் மறுமொழியாக, பாடல் மூவரின் கூட்டுப்படைப்பு என்றும் உரிமையும் வருவாயும் மூவர்க்கும் சமம் என்றும் விளக்கமளித்தார்.

இருவருள் யார் கூற்று முற்றிலும் சரி என்று தீர்ப்பளிப்பது மாணவன் ஒருவனின் வேலையன்று. ஆனால் வழக்கின் இயல்பை விளக்கமுடியும். வாய்மொழிப் பாடலில் பாடுபவரே ஆக்குபவர். மரபில் வந்த தொடர்களை அவ்வப்போது கோத்துப் புதிதாக்குபவர் அவர். பேராசிரியர் க. கைலாசபதி சங்கப் பாடல்களை ஆராய்ந்தபோது வற்புறுத்திய உண்மையும் இதனை ஒத்ததே. ஒப்பாரியில் இது இன்றும் கண்கூடு: பாடுகிறவள் தன் இழப்பைப் பொதுத்தொடர்களில் ஊற்றும்போது அப்பாடல் அந்நேரத்துக்கு அவளுடையதாகிறது, அடுத்த வீட்டில் வேறொருத்தியுடையதாகிறது. அங்கே உரிமை பற்றிய வழக்கு எழுவதில்லை, ஏனெனில் அங்கே விற்பனையும் இல்லை. இம்மரபு ஒலிப்பதிவுக்கூடத்தினுள் நுழையும்போது, இதுவரை கேட்கப்படாத கேள்வி எழுகிறது: சொல் ஒருவருடையது, குரல் ஒருவருடையது, ஒலியமைப்பு ஒருவருடையது, நினைவு யாருடையது? நினைவுக்குரிய நிரல் எந்த உரிமைப் பத்திரத்திலும் இல்லை. நடுவர் எவராயினும் வள்ளியம்மாளின் பங்கை அளக்க முடியாது.

2024 மார்ச்சில் இவ்வரலாறு மேலுமொரு திருப்பத்தை அடைந்தது. பாடல் வெளியாகி மூன்றாண்டு கடந்தும் தமக்கோ தீக்கோ அறிவுக்கோ அதிலிருந்து எவ்வித வருவாயும் கிட்டவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். அப்பொருளின் சட்டநிலை பற்றி நாம் பேசவேண்டியதில்லை. யார் முன்னே நிற்பது என்று மூவரிடையே நடந்த வழக்கின்போது எவர் கண்ணிலும் படாதிருந்த நான்காவது தரப்பு ஒன்று, அதாவது பாடல் எந்த வழியாக நம்மை வந்தடைகிறதோ அந்த வழியின் உடைமை, இக்கூற்றினால் வெளிப்பட்டது. காணொளியிற் காட்டப்படாத உடைமையாளர் பாடலுக்கு வெளியே இருந்தார்.

இலங்கையில் இதற்கொரு முற்பட்ட மரபு உண்டு. 1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யர் தோட்டங்களில் தொழிலாளரை ஒன்றுதிரட்டியபோது, அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாடினார். அக்காலச் சினிமா மெட்டுக்களிலும் சிந்து, கும்மி முதலிய வடிவங்களிலும் அமைந்த அவர் பாடல்கள் சிறு பிரசுரங்களாக வெளிவந்தன. அவையும் ஒருவகையில் அந்நாளின் பொப்பிசையே: எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, எளிதிற் பற்றிக்கொள்ளும் தாளம், கூட்டத்துக்கென்றே ஆன வடிவம். ஆனால் அவை யாரைப் பற்றிப் பேசின என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. எந்தச் சட்டம், எந்த அரசாங்கம், எந்தத் தலைவர் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளியிட்ட மலைநாட்டு மக்கள் பாடல்களிலும் கங்காணியும் கண்டிச்சீமையும் கோப்பிக்கன்றும் பெயர் சொல்லியே வருகின்றன. கலைநயத்தில் அவற்றுட் பல ‘என்ஜாய் எஞ்சாமி’யின் அருகே நிற்கமாட்டா என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமிருக்க வேண்டியதில்லை. எனினும் அவற்றைக் கேட்டவர், யார் தமது தாகத்துக்குக் காரணம் என்று தேடவேண்டியிருக்கவில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பதற்கு நம் வகுப்பறைகளில் இடமுண்டு. வேலுப்பிள்ளை தொகுத்தவற்றில் மரம், நீர், தாகம் என்னும் படிமங்கள் எங்கெங்கே எவ்வாறு வருகின்றன என்று தேடிப்பார்த்தால், அறிவின் வரிகள் எந்த அளவுக்குப் பாட்டியிடமிருந்து வந்தவை, எந்த அளவுக்கு அரக்கோணத்து மண்ணிலிருந்து வந்தவை என்பதும் ஓரளவு தெரியவரும். கப்பலேறிச் சென்றவர்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் பிற இடங்களிலும் இன்று பாடும் பாடல்களைப் பதிவுசெய்து மலையகத்துப் பாடல்களோடு ஒப்பிடும் வேலையும் கிடக்கிறது. முதியவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்தாகவேண்டும்.